லோகநாதனின் கையெழுத்து

செப்டம்பர் 3

மரகதம் அக்கா சொன்னதால் எழுதுகிறேன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் கடை வைத்திருக்கிறார். "எந்த ஆபீசுல என்னிக்கு யாரு என்ன சொன்னாங்கன்னு தேதி போட்டு எழுதி வெச்சுக்குங்க தம்பி. இல்லீன்னா இன்னிக்கு ஒண்ணு சொன்னேனா நேத்து ஒண்ணு சொன்னேனான்னு என்கிட்டயே வந்து சண்டைக்கு நிப்பீங்க" என்றார். நான் சண்டை போடுகிறவன் இல்லை என்றேன். "எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

விஷயம் இதுதான். நான் குடியிருக்கும் வீடு இரண்டு பேர் பெயரில் இருக்கிறது. ஒருவர் யமுனா, என் மனைவி. இன்னொருவர் லோகநாதன், அவளுடைய முதல் கணவர். அவர்களுக்கு விவாகரத்து ஆகி ஆறு வருடம் ஆகிறது. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று. யமுனா ஜூலை மாதம் இறந்துவிட்டாள்.

வீட்டுக் கடனை அவர்கள் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். கடன் தீரும்வரை பெயரை நீக்க வழியில்லை. தன் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று லோகநாதன் அப்போதே வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தாராம். யமுனா ஒற்றை ஆளாகக் கடனைக் கட்டி ஜூனில் முடித்தாள். வங்கியிலிருந்து பத்திரம் கைக்கு வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் பத்திரம் பதிவதில்லை. "ஆடி போகட்டுங்க, ஆவணி மொத வாரம் போட்டுக்கலாம்" என்றாள். எனக்கு ஆடியிலும் நம்பிக்கை இல்லை, ஆவணியிலும் நம்பிக்கை இல்லை. சரி என்றேன்.

அந்த ஆடியிலேயே போய்விட்டாள்.

இப்போது அவள் பாதி வாரிசு முறைப்படி எனக்கு வரும். லோகநாதனின் பாதி லோகநாதனிடமே இருக்கும். அவர் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் வீடு முழுக்க என்னுடையது. கொடுக்காவிட்டால் அவர் தன் பாதியை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

செப்டம்பர் 4

மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்ப்பவன் வீட்டில் இப்படி நடக்கக் கூடாது. தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் ஒன்று வாங்கி மாட்ட வேண்டும்.

செப்டம்பர் 11

வாரிசுச் சான்றிதழ் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்து எடுத்துப் போனேன். மரகதம் அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பழைய பத்திரத்தையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, வீடு வாங்கினவங்க யமுனாதேவி, லோகநாதன் மனைவி. எறந்தவங்க யமுனா, தரணிதரன் மனைவி. பேரும் வேற, புருசன் பேரும் வேற. ஆபீசுல ரெண்டு பொம்பளைன்னுதான் எடுத்துக்குவாங்க."

"ஒரே ஆள்தாங்க்கா."

"எனக்குத் தெரியுது. காயிதத்துக்குத் தெரியணுமல்ல? ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு அவங்கள நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரு நோட்டரி முன்னால சத்தியம் பண்ணிக் குடுக்கணும். அவங்க அப்பா அம்மா?"

"இல்லீங்க. ரெண்டு பேரும் முன்னாலயே போயிட்டாங்க."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரே பொண்ணு."

மரகதம் அக்கா மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். வெயில் இல்லை, ஆனாலும் திருப்பினார். "அப்ப லோகநாதனத்தான் கேக்கோணும். எப்படியும் அவரு கையெழுத்துக்கு வரணும். அதோட இதையும் போட்டுரட்டும்."

ஃப்ளோட் சுவிட்ச் வாங்கினேன். மாட்டவில்லை.

செப்டம்பர் 14

யமுனாவின் போனில் எண்ணைப் பார்த்து லோகநாதனுக்கு மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 15

டெஸ்டிங்கில் ஒரு மோட்டார் அதிகமாகச் சூடானது. காரணம் தெரியவில்லை. கழற்றிப் பார்த்தேன், எல்லாமே சரியாக இருந்தது. திரும்ப மாட்டினேன், மறுபடியும் சூடானது. அப்படியே ஓரமாக வைத்துவிட்டேன்.

சாப்பாட்டு வேளையில் சிவக்கொழுந்து அண்ணனிடம் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர்தான் எங்கள் பிரிவின் ஃபோர்மேன். "பாதி வீடு கண்ணு. சும்மா எவன் குடுப்பான்? வாயில சொன்னதெல்லாம் வாயோட போச்சு. பேசறப்ப சிரிச்சுக்கிட்டே பேசுவான், பாத்துக்க" என்றார்.

மாலையில் லோகநாதனே அழைத்தார். "புது நம்பரா இருக்குதேன்னு எடுக்கல. யாருங்க?"

"தரணிதரன். யமுனாவோட..."

அவருக்குப் பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் வரச் சொன்னார்.

செப்டம்பர் 21

லோகநாதன் செக்கிங் யூனிட் வைத்திருக்கிறார். பனியன்களைப் பிரித்துப் பார்த்து, ஓட்டையும் கறையும் உள்ளவற்றை ஒதுக்கி, தையல் விட்டதைத் திரும்ப அடிக்கும் வேலை. நான் நினைத்து வைத்திருந்தது போல அவர் இல்லை. குள்ளம். சட்டையெல்லாம் நூல் துணுக்கு. யூனிட்டுக்கு எதிரே ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். அவரே இரண்டு டீ சொன்னார், எனக்குச் சர்க்கரை எப்படி என்று கேட்காமல்.

பத்திர நகலைப் படித்தார். "சரிங்க. இது எப்பவோ செஞ்சிருக்கோணும். அவளுக்குத்தான் நாள் கூடி வரல."

"ஆடின்னு தள்ளிப் போட்டா."

"ஆடியா? யமுனாவா?" சிரித்தார். "எங்கம்மா நல்ல நேரம் பாத்துட்டு நிக்கறப்ப, ராகு காலத்துல செருப்பு மாட்டிக்கிட்டு முன்னால போறவ அவ."

என்னுடன் இருந்த யமுனா நாள்காட்டி பார்க்காமல் வெண்டைக்காய் கூட வாங்க மாட்டாள்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்க" என்றார் திடீரென்று. "அவ ஃப்ரெண்டு ஒருத்தி ஸ்டேட்டஸ்ல ஃபோட்டோ வெச்சிருந்தா. பூ போட்டு. அதுல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நான் வந்து மொகத்தப் பாத்துட்டுப் போயிருப்பேன், அவ்வளவுதான்."

"உங்க நம்பர் அப்ப என்கிட்ட இல்லீங்க" என்றேன். பொய் இல்லை. அப்போது என் போனில் இல்லை.

அவர் டீயைக் குடித்து முடித்தார். "நான் பங்கும் கேக்கல, ஒண்ணும் கேக்கல. எங்க போடச் சொல்றீங்களோ அங்க போடறேன். ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. எப்படிப் போனா?"

"மூளைல ரத்தக் குழாய் வெடிச்சிருச்சு."

"அது டாக்டரு எழுதிக் குடுத்தது. நான் அதக் கேக்கல. நீங்க கூட இருந்தீங்கல்ல. என்ன நடந்துது, என்ன பேசினா. அதச் சொல்லுங்க."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். பைக்கில்தான் போயிருந்தேன்.

"இன்னொரு நாளைக்குச் சொல்றேனுங்க."

"அப்பச் சரி. கையெழுத்தும் அன்னிக்கே போட்டுக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

செப்டம்பர் 22

சிவக்கொழுந்து அண்ணன் எவ்வளவு கேட்டான் என்றார். ஒன்றும் கேட்கவில்லை என்றேன். "சொன்னேன்ல, சிரிச்சுக்கிட்டே பேசுவான்னு" என்றார்.

அக்டோபர் 6

சிலிண்டர் பதிவு செய்யச் சொல்லி மெசேஜ் வந்தது. தேவையில்லை. காலை டீ பேக்கரியில், மதியம் கேண்டீன், ராத்திரி மெஸ்.

யமுனாவின் போன் தானாக அணைந்திருந்தது. சார்ஜ் போட்டேன்.

அக்டோபர் 19

என் சொந்த அக்கா ஈரோட்டிலிருந்து அழைத்தாள், தீபாவளிக்கு வா என்று. வேலை இருக்கிறது என்றேன். "வீட்டு வேலை முடிஞ்சுதா?" என்றாள். முடியவில்லை. "அந்தாளு தகராறு பண்றானா?" இல்லை. "பின்ன எதுக்கு இழுக்குது? நீ இப்படியே உக்காந்திருந்தா நாளைக்கு எவனாவது வந்து வீட்டுல பாதி எனதுங்கப் போறான். அப்பறம் எங்க போய் நிப்ப?"

எங்கே போய் நிற்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். வீடு போனால் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்கும். ஆனால் குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் கொக்கி அவள் உயரத்துக்கு அடித்தது. துண்டு மாட்ட நான் குனிய வேண்டும். வேறு வீட்டில் யாரும் அவ்வளவு கீழே கொக்கி அடிக்க மாட்டார்கள்.

இதை அக்காவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 20

தீபாவளி. எண்ணெய் தேய்க்கவில்லை. பக்கத்து வீட்டில் முறுக்கு கொடுத்தார்கள்.

நவம்பர் 12

மரகதம் அக்கா போனில் திட்டினார். "அய்ப்பசியே முடியப் போகுது. கார்த்திகைக்குள்ள பதிஞ்சுருங்க. மார்கழி வந்துதுன்னா அப்பறம் தை வரைக்கும் நிக்கோணும். ஏற்கெனவே ஒரு ஆடிக்கு நின்னுதான்..." சட்டென்று நிறுத்திவிட்டார். பிறகு, "சாப்டீங்களா தம்பி?" என்றார்.

லோகநாதனுக்கு மெசேஜ் அனுப்பினேன். இருபதாம் தேதி, வியாழன், பதிவு அலுவலகத்தில் டோக்கன் போட்டிருக்கிறது என்று. சரி என்று பதில் வந்தது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 20

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

லோகநாதன் எனக்கு முன்னாலேயே வந்து மரகதம் அக்கா கடையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. முதலில் நோட்டரியின் உறுதிமொழி. பத்திரத்தில் கண்ட லோகநாதன் மனைவி யமுனாதேவி என்பவரும், இறந்துபோன தரணிதரன் மனைவி யமுனா என்பவரும் ஒரே நபர்தான் என்று எனக்கு நேரடியாகத் தெரியும். இதுதான் அதன் சாரம். மரகதம் அக்கா சத்தமாகப் படித்துக் காட்டிப் பேனாவை நீட்டினார்.

லோகநாதன் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு நேரடியாத் தெரியாதுங்களே" என்றார்.

"என்னங்க சொல்றீங்க?" என்றார் அக்கா.

"என்கூட இருந்தவளத் தெரியும். இவருகூட இருந்தவளை நான் பாத்ததே இல்லீங்க. இவரு சொல்றத வெச்சுப் பாத்தா வேற யாரோ மாதிரி இருக்குது. நாள் பாத்தாங்கறாரு. ஆடி மாசம்ங்கறாரு."

அக்கா என்னைப் பார்த்தார். எழுந்து வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக, "டோக்கனுக்கு இன்னும் நேரமிருக்குது. போய் டீ குடிச்சுட்டு வாங்க. வரும்போது பேசி முடிச்சுட்டு வாங்க" என்றார்.

அலுவலகச் சுவரை ஒட்டி ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர்தான் ஆரம்பித்தார்.

"உங்ககூடச் சண்டை போடுவாளா?"

"இல்லீங்க."

"ஒரு தடவகூடவா?"

"இல்ல."

"உங்க தட்டுல இருந்து எடுத்துத் திம்பாளா? எனக்கு வேண்டா வேண்டான்னு சொல்லிட்டு, பாதி வடைய எடுத்துக்குவாளே."

வடையே சாப்பிட மாட்டாள், எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்பாள் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கிண்டலாக இல்லை. ஒதுக்க வேண்டிய துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"எங்களுக்கு நாள் பூராச் சண்டைங்க. பக்கத்து வீட்டுல டிவி சவுண்டக் கொறச்சு வெச்சுட்டுக் கேப்பாங்க. தாங்க முடியாமத்தான் பிரிஞ்சோம். உங்ககூடச் சத்தமே இல்லாம இருந்திருக்கான்னா, நிம்மதியா இருந்திருக்கான்னுதான் அர்த்தம்." டீயை ஒரு வாய் குடித்தார். "அப்படித்தானுங்களே?"

அப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன். மூன்று வருடமாக வீட்டில் ஒரு குரல் உயரவில்லை. நன்றாக ஓடும் மோட்டாருக்குச் சத்தம் இருக்காது. ஓடாத மோட்டாருக்கும் இருக்காது. இப்போது நினைத்தால், அவளிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

பிறகு சொன்னேன். ஏன் அப்போது சொன்னேன் என்று தெரியவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களுக்கு மயங்கி விழுந்தாள் என்று மட்டும் சொன்னேன்.

"காலைல. நான் சாப்பாட்டு மேசைல மிக்சியக் கழட்டி வெச்சுப் பாத்துட்டு இருந்தேன். அவ தலைவலின்னு முந்தின நாளே சொன்னா. மாத்திரை போட்டுட்டா, சரியாப் போச்சுன்னா. அடுப்புல பால் வெச்சிருந்தா. அவ ஃப்ரிட்ஜ் பக்கத்துல நின்னா. பால் பொங்குது, அணைங்கன்னா. ஒரு நிமிசம்னேன், கைல ஸ்க்ரூ இருந்துச்சு. அதுக்கு அவ கத்திட்டா."

"என்னன்னு கத்தினா?"

"அடுப்ப அணைங்கன்னு சொல்றேன்ல, காது செவிடான்னா."

லோகநாதன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"போய் அணைச்சேன். பால் வழிஞ்சு மேடை பூரா ஓடுச்சு. துணி எடுத்துத் தொடச்சேன். பர்னரையும் கழட்டித் தொடச்சுட்டுத் திரும்பிப் பாத்தா, அவ ஃப்ரிட்ஜ்ல சாஞ்சு கீழ உக்காந்திருந்தா. அவ்வளவு சத்தமா அவ பேசினதே இல்லீங்க. அதனால கோவத்துல உக்காந்திருக்கான்னு நெனச்சேன். நானும் பக்கத்துல போய்க் கீழ உக்காந்தேன். கோவமான்னு கேட்டேன். பதில் சொல்லல. சரி, பேச மாட்டேங்கறான்னு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. அப்பறம் கையத் தொட்டேன். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துருச்சு. சாயந்தரம் சொல்லிட்டாங்க. முன்னாடியே கொண்டு வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. நான் ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் அதேதான் சொன்னாரு."

டீக்கடைக்காரர் கிளாஸ்களை எடுத்துப் போனார். லோகநாதன் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பும் கலந்திருந்தது.

"காது செவிடான்னா கேட்டா?"

"ஆமாங்க."

"அவதான்" என்றார். பழைய நாளிதழ்த் துண்டில் மூக்கைத் துடைத்தார். "என்னை ஒரு நாளைக்கு நாலு தடவ கேப்பா. அவளேதான்."

"என்கிட்ட அன்னிக்கு மட்டுந்தாங்க."

அவர் எழுந்தார். என் முதுகில் கையை வைத்து எழுப்பிவிட்டார். கடைக்குள் போனதும் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே குனிந்து உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார். மரகதம் அக்கா மையை ஊதினார்.

பதிவு அலுவலகத்தில் கூட்டம் இல்லை. விரல் ரேகை வைத்தார்கள், படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "எழுதிக் குடுக்கறவருக்கும் வாங்கறவருக்கும் என்ன உறவு?" என்றார். குடும்பத்துக்குள் என்றால் ஒரு கட்டணம், வெளியாள் என்றால் வேறு என்பதால் அதைக் கேட்டாக வேண்டும்.

நான் லோகநாதனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பெண் விரலை விசைப்பலகையில் வைத்துக் காத்திருந்தார்.

"உறவு ஒண்ணுமில்லீங்க" என்றார் லோகநாதன்.

அப்படியே பதிந்தார்கள்.

வெளியே வந்ததும் சாப்பிடக் கூப்பிட்டேன். லோடு ஏற்றும் வண்டி வந்து நிற்கிறது என்று கிளம்பிவிட்டார். பைக்கில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிட்டேன். வழியில் அவள் பாடுவாளா என்று கேட்க நினைத்தேன். என்னிடம் பாடியதில்லை. அதற்குள் திருப்பூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடிப் போய் ஏறிவிட்டார்.

நவம்பர் 21

ஃப்ளோட் சுவிட்ச் மாட்டினேன்.

நவம்பர் 27

பட்டா பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தாகிவிட்டது. சிவக்கொழுந்து அண்ணன், "கடைசில எவ்வளவுக்கு முடிச்ச?" என்றார். ஒன்றும் வாங்கவில்லை என்றேன். நம்பவில்லை. "சொல்ல இஷ்டமில்லீன்னா வுடு" என்று போய்விட்டார்.

டிசம்பர் 15

பட்டா வந்துவிட்டது. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது.

மரகதம் அக்காவிடம் எடுத்துப் போனேன். "அக்கா, யமுனா பேரக் காணோம்."

"எறந்தவங்க பேருல பட்டா நிக்காது தம்பி."

"லோகநாதன் பேர எடுக்கத்தான் நாம எழுதிக் குடுத்தோம்."

"அவரு பேர எடுக்கறதுன்னா புதுசாப் போடறதுதான். புதுசாப் போட்டா உசுரோட இருக்கறவங்க பேருதான் வரும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இது உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். மொதல்லயே சொல்லியிருக்கோணும்."

தெரிந்திருக்க வேண்டும்தான். மூன்று மாதம் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் இதை யோசித்திருக்க வேண்டும். அவர் பெயரை எடுத்துவிட்டால் அவள் பெயர் தனியாக, சுத்தமாக நிற்கும் என்ற மாதிரி ஒரு படம் மனதில் இருந்திருக்கிறது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த வரைக்கும் அவள் அதில் இருந்தாள். ஆடியிலேயே பதிந்திருந்தாலும் கடைசியில் இதே இடத்துக்குத்தான் வந்திருக்கும். ஆனால் கொஞ்ச நாளாவது அவள் பெயர் மட்டும் இருந்திருக்கும். அவள் அதைப் பார்த்திருப்பாள்.

வேலை முடிந்துவிட்டது. இனி எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை, யாரிடமும் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

டிசம்பர் 17

மார்கழி பிறந்துவிட்டது. காலையில் கேண்டீனில் வடை போட்டிருந்தார்கள். எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி சாப்பிட்டேன். மீதிப் பாதி தட்டிலேயே இருந்தது, எடுத்துப் போட மனசு வரவில்லை. அங்கிருந்தே லோகநாதனுக்கு அழைத்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க தரணி. பட்டா வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க. ஆனா ஒரு கையெழுத்து விட்டுப் போச்சு."

தையல் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரிடமோ கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். சத்தம் நின்றது.

"எதுல?"

"இருக்குதுங்க, ஒண்ணு."

"மார்கழியாச்சே. பரவால்லியா?"

"பரவால்லீங்க."

"எங்க வரோணும், ஆபீசுக்கா?"

"வீட்டுக்கு வந்துருங்க. ஞாயித்துக்கிழமை."

சரி என்றார். பட்டா வந்த பிறகு எந்தக் கையெழுத்தும் பாக்கி இருக்காது என்று அவருக்கும் தெரியும். மறுபடி கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வந்துவிடுவதாகச் சொன்னார்.